மூன்று டெஸ்ட், மூன்று பதில்: எதை வைத்து வேலையை முடிவு செய்வது?

கேள்வி கேட்டவர்: அம்மாப்பேட்டை பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. பி.காம் முடித்துவிட்டு சேலம் லீ பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜி.எஸ்.டி. பில், சரக்கு இருப்பு, லாரி வாடகை எல்லாம் என் பொறுப்பு. முதலாளி நல்ல மனிதர், சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ராத்திரி கடை சாத்தும்போது இருப்பும் கணக்கும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். அதனால் வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதையே ஐம்பது வயது வரைக்கும் செய்வதா என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பாவுக்கு நான் பேங்க் எக்ஸாம் எழுத வேண்டும். மாமா பி.எட். படி என்கிறார். கூடப் படித்தவள் பெங்களூருக்குக் கிளம்பி வா, கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், போனில் இந்த சுய மதிப்பீட்டு டெஸ்ட்களை எழுத ஆரம்பித்தேன்.

முதலாவது, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். முதல் தடவை ஐ.என்.எஃப்.ஜே. என்று வந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி எழுதினால் ஐ.எஸ்.டி.ஜே. இரண்டாவது, அமெரிக்க அரசாங்கத்தின் இலவச டெஸ்ட், 60 கேள்வி. அதில் எனக்கு அதிகம் வந்தது ‘கன்வென்ஷனல்’, அதாவது பதிவும் கணக்கும், 31. அடுத்தது ‘ஆர்ட்டிஸ்டிக்’, அதாவது கலை, 26. மூன்றாவது காசு கட்டி எழுதியது. நீங்கள் மனிதவள மேலாளர் ஆகலாம் என்று சொல்லி, அதற்கு ஒரு கோர்ஸையும் காட்டி, அதற்குத் தனியாகப் பணம் கேட்டது.

இதில் எதை நம்புவது? இவற்றால் யாருக்காவது நிஜமாகவே வழி கிடைத்திருக்கிறதா? சேலத்துப் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். வெளியூர் போய்த் தங்கும் நிலையில் நான் இல்லை.

பதில்: கன்னங்குறிச்சி டீச்சர்

கண்ணு, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பரீட்சை முடிந்து, ‘அடுத்து என்ன டீச்சர்’ என்று வந்து நிற்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் எனக்கு இருந்த வேலைகளிலேயே மனதுக்குப் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகிறது என்று குழம்பாதே. மூன்றும் உன்னிடம் கேட்டதே வேறு வேறு.

பதினாறு வகை டெஸ்ட், நீ எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கிறது. கார்ல் யுங் என்ற உளவியலாளரின் கருத்துகளை வைத்து, கேத்தரின் பிரிக்ஸ், இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற அம்மாவும் மகளும் அமெரிக்காவில் உருவாக்கிய முறை அது. நெட்டில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் சாயலில் வந்தவை. ஒவ்வொரு குணத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிப்பார்கள். நாமோ முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்கள். அன்றைக்கு இருந்த மனநிலையில் இரண்டு கேள்விக்குப் பதில் மாறினால் எழுத்தே மாறிவிடும். உனக்கு நடந்தது அதுதான். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. உன்னைப் பற்றி நீ கொஞ்சம் யோசித்துப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவதை விட்டுவிடு. டெஸ்ட்டும் கோர்ஸும் ஒரே இடத்தில் விற்றால் பதில் கோர்ஸ் பக்கம்தான் சாயும்.

நமக்குக் காரியமானது இரண்டாவது. அதன் அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959ல் முன்வைத்த கொள்கை. வேலைகளையும் மனிதர்களின் விருப்பங்களையும் அவர் ஆறாகப் பிரித்தார். கையாலும் கருவியாலும் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவதும் கற்றுக்கொடுப்பதும், ஆட்களை நடத்தி வியாபாரம் செய்வது, ஒழுங்காகப் பதிவும் கணக்கும் வைப்பது. இந்த ஆறையும் இதே வரிசையில் ஒரு அறுகோணத்தின் ஆறு மூலைகளில் வைத்துப் பார். அடுத்தடுத்த மூலைகள் குணத்தில் நெருக்கம், எதிரெதிர் மூலைகள் தூரம். கலைக்கு நேர் எதிரே இருப்பது கணக்கும் பதிவும்! உனக்கு அதிகம் வந்திருப்பது அந்த இரண்டும்தான். அதனால்தான் கடையில் உட்கார்ந்தால் ஒரு பாதி நிறைகிறது, இன்னொரு பாதி தவிக்கிறது. இது கோளாறு கிடையாது. இரண்டையும் ஒருசேரக் கேட்கிற வேலைகள் குறைவு, தேட வேண்டியிருக்கும், அவ்வளவே.

இனி முக்கியமான விஷயம். மொத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே. அந்த 60ல் ஒவ்வொரு மூலைக்கும் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக 40க்கு மதிப்பெண். ‘கலை’ என்று போட்ட பத்தில் என்னென்ன இருக்கிறது பார்த்தாயா? படம் வரைவது இருக்கிறது. சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுவது இருக்கிறது. பாட்டுக் குழுவில் பாடுவது, ஜாஸ் நடனம் ஆடுவதுகூட இருக்கிறது. அம்மாப்பேட்டையில் வளர்ந்த பெண் ஜாஸ் நடனத்துக்கு என்ன பதில் போடுவாள்? உன் 26க்குள் எது 4, எது 0 என்பதில்தான் சங்கதி இருக்கிறது. இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை: பதிலைப் படிக்காதீர்கள், நீங்கள் ‘மிகவும் பிடிக்கும்’ என்று தொட்ட கேள்விகளைத் திரும்பப் படியுங்கள்.

இன்னொன்று. படிப்பு போதுமா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் யோசிக்காமல், செய்யப் பிடிக்குமா பிடிக்காதா என்று மட்டும் பதில் போடச் சொல்லி அந்த டெஸ்ட்டின் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கும். நம் பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். பள்ளியில் இதுபோல ஒரு தாளைக் கொடுத்தால், அப்பா தன் பின்னால் நின்றுகொண்டிருந்தால் பையன் ‘நோயாளிகளைக் கவனிப்பது’ என்ற வரியில் டிக் போடுவான். அவர் வெளியே போனதும் அதை அழித்துவிட்டு ‘வண்டி ரிப்பேர்’ என்ற வரிக்குப் போவான். பெற்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிய பிறகுதான் தாளையே கையில் கொடுப்பேன். நீயும் அப்பா, மாமா, தோழி யாரையும் மனதில் வைக்காமல் இன்னொரு தடவை எழுது. ‘மிகவும் பிடிக்கும்’ போட்ட வரிகளையும், ‘கொஞ்சமும் பிடிக்காது’ போட்டவற்றையும் இங்கே எழுது. அப்புறம் பேசுவோம்.

பதில்: ஏற்காடு நாற்றுப்பண்ணை

டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் கதையே அதற்குச் சாட்சி.

அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். இதே 60 கேள்வி டெஸ்ட்டில் எனக்கு முதலில் வந்தது ‘ரியலிஸ்டிக்’, அதாவது கையால் செய்யும் வேலை. சரி, இருக்கும் இடம்தான் பொருத்தம் போல என்று மூடி வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் கேள்விகளைத் திரும்பப் பார்த்தால், எலெக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்துவது, மெஷின் ஓட்டிப் பொருள் தயாரிப்பது இரண்டுக்கும் நான் ‘பிடிக்காது’ போட்டிருக்கிறேன். காட்டுத் தீயை அணைப்பது, மீன் குஞ்சு வளர்ப்பது, செங்கல் வைத்துக் கட்டுவது, இதற்கெல்லாம் ‘மிகவும் பிடிக்கும்’. கூரைக்குக் கீழே நடக்கும் வேலை எதற்கும் நல்ல மார்க்கே இல்லை!

இப்போது மலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். காப்பி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக். டிசம்பர், ஜனவரியில் காப்பி விதை பாவினால் முளைக்க ஒன்றரை மாதம் ஆகும். விதையைத் தலையில் சுமந்துகொண்டு தண்டு எழும்பி வரும், அந்தப் பருவத்தில் வேர் மடங்காமல் எடுத்துப் பையில் வைக்க வேண்டும். வேர் மடங்கிவிட்டால் செடி அப்போது நன்றாகத்தான் தெரியும், தோட்டத்தில் நட்ட பிறகு தேறாது. அதை ஒவ்வொன்றாகப் பார்த்து வைக்கும் பொறுமை எனக்கு இருக்கிறது. அதே பொறுமை மெஷின் முன்னால் எனக்கு வரவே இல்லை. வருமானம் முதலில் கம்பெனிச் சம்பளத்தை விடக் குறைவுதான். அதை வீட்டில் முன்னாலேயே சொல்லி ஒத்துக்கொள்ள வைத்த பிறகே இறங்கினேன்.

தங்கச்சிக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். அந்த டெஸ்ட் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கிறது. புரியாத வரியை யாரிடமாவது கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள், குத்துமதிப்பாகத் தொடாதீர்கள். கடைசியில் வரும் வேலைப் பட்டியல் அமெரிக்காவுக்கு உரியது. எவ்வளவு படிப்பு, பயிற்சி வேண்டும் என்று ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள், அதுவும் அந்த ஊர்க் கணக்கு. வேலையின் பெயரை விட்டுவிட்டு, அதில் ஒரு ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் சேலத்தில் அதே காரியத்தை யார் செய்கிறார்கள் என்று தேடுங்கள். நான் வேலையை விடுவதற்கு முன்னால் லீவு நாளில் மேலே வந்து, தெரிந்த ஒருவரின் பண்ணையில் கூலி வாங்காமல் மண் கலந்து, பை நிரப்பிப் பார்த்தேன். முதுகு வலித்தும் மறுபடி போகத் தோன்றியது. எந்த டெஸ்ட்டும் அதைச் சொல்லியிருக்காது.

பதில்: அஸ்தம்பட்டி அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பத்தாம் வகுப்பு பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்கிறோம் என்று ஒரு பயிற்சி மையத்தில் பெரிய தொகை வாங்கினார்கள். வழவழ தாளில் கலர் கலராக ரிப்போர்ட் கொடுத்தார்கள். பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விரல் ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. தயவு செய்து யாரும் பணம் கட்டாதீர்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து ‘தமன்னா’ என்ற திறனறித் தேர்வு வைத்திருக்கின்றன. மொழி, எண், இயந்திரம், உருவங்களின் அமைப்பை மனதில் கண்டுபிடிப்பது போன்ற ஏழு திறன்களைப் பார்க்கிறது. தேர்ச்சி, தோல்வி என்பதே கிடையாது, அதை வைத்து எந்தப் பாடத்தையும் பிள்ளை மேல் திணிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது, பள்ளியிலேயே விசாரிக்கலாம்.

பதில்: அம்மாப்பேட்டை பொண்ணு

டீச்சர், அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

மிகவும் பிடிக்கும் என்று போட்டவை: படம் வரைவது. நாடகத்துக்குத் திரை வரைவது. கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட் தயாரிப்பது. பதிவேடுகளில் பிழை பார்த்துத் திருத்துவது. சரக்கு இருப்புக் கணக்கு வைப்பது. அனுப்பும் முன் பாகங்களின் தரத்தைச் சோதிப்பது.

கொஞ்சமும் பிடிக்காதவை: பாடுவது, ஆடுவது, கதை எழுதுவது, பங்குச் சந்தை, கடையை நிர்வகிப்பது. ஒருவருக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பது என்று ஒரு வரி இருந்தது, அதுவும் பிடிக்காது. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கும் ஆள் நான் இல்லை என்று தோன்றுகிறது, மாமாதான் வருத்தப்படுவார்.

இதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா ஜக்கார்டு சேலை நெய்வார். டிசைனுக்கு ஏற்றபடி ஓட்டை குத்திய அட்டையைத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் மாட்டினால், அது இழைகளைத் தூக்கிக் கொடுத்து உருவம் வரும். டிசைன்காரர் கொடுக்கும் கிராஃப் தாள் ஒன்று தறி மேட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும். சின்னச் சின்னக் கட்டம், சில கட்டத்தில் சிவப்பு மை. ஒவ்வொரு கட்டமும் பாவு இழையும் ஊடை இழையும் குறுக்கிடும் இடம் என்று அப்பா சொல்வார். கரையில் வரும் அன்னத்தின் கழுத்து ஒரு இடத்தில் உடைந்த மாதிரி தெரியும். ஏன் என்று நானே உட்கார்ந்து கட்டத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு வரிசையில் இரண்டு கட்டம் தள்ளி மை வைத்திருந்தார்கள். அப்பா அதைக் கொண்டுபோய்க் காட்டி அட்டையை மாற்றி வாங்கி வந்தார். இப்போதும் கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் ஸ்ப்ரெட்ஷீட் கட்டங்களுக்கு நிறம் கொடுத்து மயில், மாங்காய் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு வேலையாகுமா டீச்சர்?

பதில்: கன்னங்குறிச்சி டீச்சர்

ஆகும் கண்ணு. நான் தேட வேண்டும் என்று சொன்னேனே, அது உன் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. ஜக்கார்டு டிசைனில் வரையும் கையும் வேண்டும், ஒரு கட்டம் பிசகாமல் எண்ணும் கண்ணும் வேண்டும். அறுகோணத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே தாளில்!

ஆனால் நிதானம். விருப்பம் இருக்கிறது என்று மட்டும்தான் டெஸ்ட் சொல்லியிருக்கிறது. திறமை இருக்கிறதா, அதில் வயிறு நிறையுமா என்று அதனிடம் கேட்கவே முடியாது. அன்னத்தின் கழுத்தில் பிழை பிடித்தது திறமைக்கு நல்ல அடையாளம், இன்னும் செய்து பார்க்க வேண்டும். பழைய கிராஃப் தாள் வீட்டில் இருந்தால் எடுத்து, அதே அளவில் உன் டிசைன் ஒன்றைக் கையால் போட்டு முடி. பாதியில் சலித்துப் போகிறதா, சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறாயா என்று நீயே கவனி.

நம் ஊரிலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, 1960ல் தொடங்கியது. சேலத்துக்காரர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டிப் போயும் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. மூன்று வருட டிப்ளமோவும் பி.டெக்.கும் நடத்துகிறார்கள். வேலையை விடாமல் படிக்க ஏதாவது குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் போய்க் கேள். கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கும் ஒரு நடை போய் வா. பதிவு புதுப்பிக்க மட்டும் போகிற இடம் என்று நினைக்காதே, பேசினால் வழி சொல்வார்கள், காசும் கிடையாது.

லீ பஜார் வேலையை இப்போதைக்கு விடாதே. அப்பாவின் பேங்க் எக்ஸாம் ஆசையையும் வெட்டிப் பேசாதே. ஒரு டிசைன் தறியில் ஏறி வந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அவரும் காது கொடுப்பார்.

பதில்: குகை கிராஃப்

இந்தத் தொழிலிலேயே இருப்பதால் எழுதுகிறேன். முன்பு கையால் கிராஃப் போட்டு அட்டை குத்தினோம், இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில். உங்கள் ஸ்ப்ரெட்ஷீட் பழக்கம் கண்டிப்பாகக் கைகொடுக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்ற சின்ன இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது, டிசைனுக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகல் தெரியாது, அப்புறம் சில மாதம் கை காய்ந்து கிடக்கும். விசைத்தறிக்கும் சேர்த்துச் செய்தால்தான் கட்டுபடியாகும். நீங்கள் ஆசையாகப் போட்ட மயிலை வியாபாரி வந்து, கழுத்தைக் குட்டையாக்கு, விலை ஏறுகிறது என்பார். மாற்றிக் கொடுக்க மனசு வர வேண்டும்.

டிசைன் போடும்போது முதலில் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அழகை மட்டும் பார்த்துப் பெரிய பெரிய பூவாக நிரப்பிவிடுவார்கள். உள்ளே இடையிடையே கட்டுப் புள்ளி வைக்காவிட்டால் ஊடை இழை எங்கேயும் பிடிப்பில்லாமல் நீளமாக மிதக்கும். கட்டினால் வளையலில் மாட்டி இழுத்துக்கொள்ளும். உங்கள் மாங்காய்க்குள் அப்படி எத்தனை கட்டம் தொடர்ச்சியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவின் ஜக்கார்டுப் பெட்டியில் இழைகளைத் தூக்கும் கொக்கி 120ஆ 240ஆ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், டிசைனின் அகலமே அதைப் பொறுத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில்தான் இருப்பேன். தாளோடு வாருங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். விலாசம் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

பதில்: அம்மாப்பேட்டை பொண்ணு

இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். 240 கொக்கி. எதற்குக் கேட்கிறாய் என்றார், சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாங்காயில் ஒரு இடத்தில் பதினெட்டு கட்டம் தொடர்ச்சியாக இருக்கிறது, இன்றைக்கே திருத்துகிறேன். கட்டுப் புள்ளியை எத்தனை கட்டத்துக்கு ஒன்று வைக்க வேண்டும்?